கோல்கீப்பரின் அப்பா லென்ஸ் வாங்குகிறார்

1

மெமரி கார்டு வாங்கப் போன இடத்தில்தான் இந்தக் கதை என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு முன்னால் கவுன்ட்டரில் ஒருவர் நின்றிருந்தார். லிஃப்ட் கம்பெனிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. அவர் எதிரே இரண்டு லென்ஸ்கள். ஒன்று தண்ணீர் டம்ளரைவிடக் கொஞ்சம் நீளம், மற்றது பெரிய ஃபிளாஸ்க் அளவு. கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு தூரத்துல இருந்து எடுக்கப் போறீங்க சார்?"

அவர் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாதவர் மாதிரி இல்லை, சொல்ல வெட்கப்படுகிறவர் மாதிரி நின்றார். நான் கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அப்புறம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அவருக்குப் பறவைகள் என்றால் உயிர். விடியற்காலையில் ஏரிக்கரையில்—"

(வேண்டாம். லென்ஸ் என்றாலே பறவையா? அந்தச் சாவிக்கொத்துச் சத்தத்துக்கு ஒரு காக்கைகூட நிற்காது.)

இரண்டாவது: "பிரிந்துபோன மனைவியை எதிர்மாடியிலிருந்து—"

(சீச்சீ. பாவம், அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.)

மூன்றாவது: "அவருக்கு ஒரு மகள் இருந்தாள்." 'இருந்தாள்' என்றால் இப்போது இல்லை என்று ஆகிவிடும். அவசரமாக "இருக்கிறாள்" என்று மாற்றினேன்.

ஆமாம், இருக்கிறாள். நன்றாகவே இருக்கிறாள். கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். மேஜையிலிருந்து நழுவும் டம்ளர் தரையைத் தொடாது.

3

லிஃப்ட் மெக்கானிக் மகளின் ஆட்டம் எதையும் விடமாட்டார். கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் தூரத்து ஆட்களெல்லாம் எறும்பாகத் தெரிந்ததால், கோல் போஸ்டுக்குப் பின்னாலேயே, வலையில் மூக்கு உரச நிற்பார். நின்றால் பரவாயில்லை. கத்துவார்.

போன பந்தயத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவளின் கால் திரும்பிய விதத்தைப் பார்த்து, "இடது! இடது!" என்று அலறினார். சரியாகத்தான் சொன்னார். மகள் திடுக்கிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பந்து அவர் சொன்ன இடது பக்கமாகவே உள்ளே போனது.

"இனிமே என் பக்கத்துல நிக்காதீங்கப்பா."

"சரிம்மா, கொஞ்சம் தள்ளி—"

"கொஞ்சம் இல்ல. உங்க சத்தமே எட்டாத தூரத்துல."

அதோடு பேச்சு நின்றது. "அப்பாவை ஷூ லேஸ் வாங்கிட்டு வரச் சொல்லும்மா" என்பாள், அப்பா எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வேறு யாராக இருந்தாலும் மகளிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள். இவர் லென்ஸ் வாங்கக் கிளம்பினார். லிஃப்ட் நின்றுபோனால் பழுதான பாகத்தை மாற்றுவதுதான் அவருக்குப் பழக்கம். லிஃப்டோடு உட்கார்ந்து பேசியதில்லை.

"லென்ஸை மாத்துனா வாய் மூடிக்குமா?" என்றாள் மனைவி.

4

இப்போது கவுன்ட்டருக்குத் திரும்புவோம். கடைக்காரர் பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற ரகமில்லை.

"பக்கத்துல விடுவாங்கன்னா இந்தச் சின்னது, எழுபது-இருநூறு மில்லிமீட்டர், போதும் சார். சாயங்கால வெளிச்சத்துலயும் அசராது. விட மாட்டாங்கன்னா இந்தப் பெருசு, நூத்தம்பது-அறுநூறு. மைதானத்தோட அந்தக் கோடியில இருந்தே மூஞ்சியில வேர்வை தெரியும். ஆனா கனம். இன்னொண்ணு, யாராவது மூணு மீட்டருக்குள்ள வந்துட்டா இதுக்கு ஆளைத் தெரியாது. ஃபோகஸே ஆகாது."

"ரெண்டுக்கும் நடுவுல எதுவும் இல்லையா?"

"நூறு-நானூறு இருக்கு. அதை வாங்கினவங்க ரெண்டு விதமாவும் வருத்தப்படுறாங்க."

லிஃப்ட் மெக்கானிக் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னதை எடுத்தார், வைத்தார். பெரியதை எடுத்தார், வைத்தார். சின்னதை வாங்கினால், மகள் ஒரு நாள் கிட்டே விடுவாள் என்று நம்புவதாக அர்த்தம். பெரியதை வாங்கினால், இனி தன் இடம் தூரத்தில்தான் என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம். லென்ஸில் இதெல்லாம் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

(எனக்கும் அதே குழப்பம்தான். இவருக்கு எவ்வளவு கிட்டே நிற்பது? கிட்டே போனால் பாவமாக இருக்கிறது, தள்ளி நின்றால் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு பத்தியிலும் லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கிறேன், மன்னிக்கவும்.)

"பொண்ணு ஃபுட்பால் ஆடுறா," என்றார் கடைசியில். "நான் கிட்ட போகக் கூடாது."

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் பெரியதைப் பெட்டியில் வைத்தார்.

5

இறுதி ஆட்டம், இரண்டாம் பாதி. மகளின் கோல் போஸ்டுக்கு நேரெதிர்க் கோடி, கேலரியின் மேல் படி, முதுகுக்குப் பின்னால் சுவர். லிஃப்ட் மெக்கானிக் கேமராவைக் கண்ணில் வைத்தார். அங்கே மகளின் முகம் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஒவ்வொரு முறை பந்து விலகியதும் அவள் கழுத்தைத் திருப்பி, அவர் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தாள். அல்லது அங்கே வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.* தூரத்து லென்ஸ் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்துவிடும். எது எது என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

\* முந்தைய பிரதியில் அவள் அப்பாவைத்தான் தேடினாள். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தேன். இப்போது எனக்கும் தெரியவில்லை.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி. அப்பா லென்ஸை உதைக்க வந்தவள் பக்கம் திருப்பினார். உதைக்கிறவளின் கால் திரும்பியது. அவ்வளவுதான், கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "வலது! வலது!" என்று கத்தினார்.

(இந்த இடத்தில் நானே குழம்பிப்போய், மேஜையில் தீப்பெட்டியைக் கோலாகவும் சட்டைப் பொத்தானைப் பந்தாகவும் வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். வலைக்குப் பின்னால் நின்றபோது அவருடைய இடதும் மகளுடைய இடதும் ஒன்றே. இப்போது எதிர்ப்பக்கம். அவருக்கு வலது என்றால் அவளுக்கு இடது.)

அதாவது, தப்பாகக் கத்தினார். கேட்டிருந்தால் தோற்றிருப்பாள். கேட்கவில்லை. அவளாக இடது பக்கம் பாய்ந்து பந்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். மைதானமே எழுந்து நின்றது. அந்தப் பாய்ச்சலைப் படம் எடுப்பதற்காகவே வாங்கிய லென்ஸ் அவர் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது.

6

ஆட்டம் முடிந்து அவள் மைதானத்தைக் கடந்து அப்பாவின் படிகளில் ஏறி வருகிறாள். அவர் அவளைக் கேமரா வழியாகவே பார்க்கிறார். முகம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. நெற்றியில் ஒட்டிய புல், உதட்டோரம் மண். சட்டென்று எல்லாம் கலங்கிவிடுகிறது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடி முனகுகிறது. மூன்று மீட்டர். பின்னால் நகரலாம் என்றால் சுவர்.

"எடுத்தீங்களாப்பா?"

அம்மா வழியாக வராத கேள்வி.

'எடுக்கல' என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் மறுபடியும் கத்தினார் என்பது தெரிந்துவிடும்.

நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பேட்டரி தீர்ந்துபோச்சு என்று பொய் சொல்கிறார், அவள் நம்பிவிடுகிறாள். அப்புறம் ஆயுசுக்கும் இந்த மேல் படிதான். இன்னொன்றில், "எடுக்கலம்மா, கத்திட்டேன், அதுவும் தப்பா" என்கிறார். அதன் பிறகு அவள் சிரிக்கிறாளா, திரும்பி இறங்கிப் போகிறாளா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மாறுகிறது. மூன்றாவதில், "கொஞ்சம் பின்னால போம்மா, இப்ப எடுத்துடுறேன்" என்கிறார். அவர் சொல்லக்கூடியவர்தான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அவர் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் நானும் இப்போது ஒரு வலைக்குப் பின்னால் மூக்கு உரச நின்றுகொண்டிருக்கிறேன். கத்தினால் அவர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குகிறார். நான் தள்ளிப் போகிறேன். நீங்கள் இருங்கள், சத்தம் போடாமல்.