ஆறு பேர் படங்கு

"வரலன்னா வரலதான். ஒனக்கு வேணும்னா நீ போயி ஒக்காரு!"

"காலையிலயே ஆறு பேருக்குப் படங்கு விரிச்சிட்டு வந்திருக்கேன் மதினி. கெளம்புற நேரத்துல இப்பிடிச் சொன்னா எப்பிடி?" என்றாள் ஷீனா.

"ஆறு பேருக்கு விரிக்கச் சொன்னது யாரு? நம்ம வீட்டுல தலை அஞ்சுதான. ஆறாவது ஆளு யாரு, அந்தோணியாரா?"

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். அடுத்த வீட்டுக் கத்தரீனாள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டாள். அதைவிட நல்ல நிகழ்ச்சி சுவருக்கு இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறாவது ஆள் யார் என்று லயத்துக்கே தெரியும், ஷீனாவின் அண்ணன் சகாயத்தைத் தவிர. ஃபேக்டரியில் இலை காயவைக்கும் மிஷின் பார்க்கிற வேதமுத்துதான். மனைவி தவறி நாலு வருஷம். அவருக்கும் கொழுந்து பறிக்கிற ஷீனாவுக்கும் 'பதினெட்டாம் வளைவு' என்கிற பாட்டுக்குழுமேல் ஒரே பைத்தியம். மூன்று வருஷமாக அவர்களுடைய பாட்டை இவர் அவளுக்கு அனுப்புவார், அவள் இவருக்கு அனுப்புவாள். நேரில் பார்த்தால் மட்டும், "மழை வருமா?" "வரும்போல." அவ்வளவுதான். முப்பத்தாறு வயதுக்காரிக்கும் நாற்பதைத் தாண்டியவருக்கும் இந்த வெட்கம் அதிகம் என்பது கத்தரீனாளின் தீர்ப்பு.

அந்தக் குழுவே இந்த வருஷம் அந்தோணியார் கோவில் பெருநாள் கானமேளாவுக்கு, பாட்டுக் கச்சேரி நடத்த வருகிறது. பெருநாளன்று ஒவ்வொரு வீடும் காலையிலேயே மைதானத்தில் இடம்பிடித்துவிடும். கொழுந்துக்குப் போகையில் இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்குகளைச் சேர்த்துத் தைத்து விரித்துவிட்டால் அது அந்த வீட்டின் நிலம். வீட்டு ஆம்பளை கூப்பிடாமல் வேற்றாள் அதில் கால் வைக்கமாட்டான். கல்யாணமாகாத பெண் ஒருத்தி ஆணைக் கூப்பிட்டு உட்காரவைத்தால், அடுத்த ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஷீனாவின் திட்டம் எளிமையானது. அண்ணன் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும். வேதமுத்து அந்தப் பக்கமாக வருவார். அண்ணன் மரியாதைக்காகவாவது "வாங்க, ஒக்காருங்க" என்னும். பிடித்த பாட்டைப் பிடித்த ஆளுக்குப் பக்கத்தில் இருந்து ஒருதடவை கேட்டுவிட வேண்டும்.

மதினி ஜிஜிக்கு அது புரிந்துபோயிற்று. நாத்தனார் போய்விட்டால் ரெண்டு பிள்ளைகளை யார் குளிப்பாட்டுவது? "எனக்குத் தலவலி, நீங்களும் போகவேணாம்" என்றாள். சகாயம் வழக்கம்போல வாசலில் நின்று மேகம் பார்த்தான்.

நாலு மணிக்கு ஷீனா தனியாகப் போய், ஆறு பேர் படங்கின் நடுவில் உட்கார்ந்தாள். சுற்றிலும் தோளோடு தோள் உரசுகிற கூட்டம். நடுவில் வெறும் சாக்கும் அவளும்.

குழு மேடையேறியது. போனில் மலை மாதிரி தெரிந்த பாடகன் நேரில் ஒல்லிப்பிச்சானாக இருந்தான். குரங்குக்குல்லா போட்டுக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்தான். ஆனால் டிரம் அடி ஒவ்வொன்றும் தரை வழியாக வந்து அவள் தொடையில் அதிர்ந்தது. போனில் அது கேட்டதே இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் திரும்பினாள்.

படங்கின் ஓரத்தில் வேதமுத்து நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கால் புல்லில்தான் இருந்தது.

"கால் வலிக்கலயா அண்ணே?" கத்தரீனாள் தன் படங்கிலிருந்து கேட்டாள்.

"இங்கனயே நல்லாத்தான் கேக்குது."

ஷீனா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு சாக்கின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

வெளியூர்ப் பாடகனுக்கு இந்த ஊர் வழக்கம் என்ன தெரியும்? பாட்டு முடிந்ததும் மைக்கிலேயே சொன்னான்: "அந்த அக்கா பக்கத்துல அவ்வளவு எடம் கெடக்கே! செருப்பக் கையில வச்சிருக்கிற அண்ணே, போய் ஒக்காருங்க."

மைதானம் மொத்தமும் திரும்பியது. சிரிப்பு, ஒரு விசில். வேதமுத்து அவளைத்தான் பார்த்தார். 'வாங்க' என்று ஒரு சொல் போதும்.

"அண்ணன் வரும்," என்றாள் ஷீனா. "அண்ணனுக்குப் போட்ட எடம்."

வேதமுத்து தலையாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். ஆனாலும் கடைசிப் பாட்டு வரைக்கும் அதே இடத்தில் நின்றார். அவள் திரும்பவில்லை. அவளுக்கு மிகப் பிடித்த பாட்டு கடைசியில்தான் வந்தது. முழுதாகக் கேட்டாளா என்று கத்தரீனாளால்கூடச் சொல்ல முடியவில்லை. முகத்தைச் சேலையால் மூடியிருந்தாள். பனிக்காக இருக்கலாம்.

அன்றிரவே ஜிஜியின் தலைவலி சரியாகிவிட்டது.

ஈஸ்டர் கழிந்து வேதமுத்து உடும்பஞ்சோலையில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். ஜூன் மாதம் ஷீனா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அங்கே அந்தக் குழு அடிக்கடி வருமாமே, போனாயா என்று கத்தரீனாள் போனில் கேட்டாள். ஒருதடவை போனேன் என்றாளாம். யாரோட என்று கேட்பதற்குள் மலையில் சிக்னல் போய்விட்டது.