இந்த வாரம் அழ வேண்டியவர்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அண்ணிதான் போனில் கேட்டாள்.

"தம்பி, நீதான் கதை எழுதுற ஆளாச்சே. அழறதுக்கு நல்ல காரணமா ஒண்ணு சொல்லேன்."

"யாரு அழணும்?"

"நான்தான். வெள்ளிக்கிழமை என் முறை."

அண்ணி ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை பார்க்கிறாள். மருத்துவமனை விரிப்பு, ஓட்டல் விரிப்பு எல்லாம் வண்டி வண்டியாக வந்து குவியும் இடம். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு முனை அண்ணி கையில், மறுமுனை எல்லோரும் 'ஒல்லி' என்று கூப்பிடும் பெண்ணின் கையில்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "உருளைகள் சுழன்றன, காலத்தைப் போல, ஓயாமல், யாருக்கும்..." அடித்துவிட்டேன். உருளை உருளையைப் போலத்தான் சுழலும்.)

2.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நிறுவனத்தின் கலாச்சாரத்தை மாற்றுவது அவள் பதவி. "இங்க சார், மேடம் எதுவும் வேண்டாம். என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க. நீங்க நீங்களா இருங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் 'கலாச்சார மேடம்'.

வெள்ளிதோறும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். மனதில் இருப்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. 'மூடிக்கிடக்கும் குழு' என்று முத்திரை குத்தி, விடுமுறை நாளில் வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பலூன் ஊதச் சொன்னார்களாம். மறுவாரமே தொழிலாளர்கள் உடைமாற்றும் அறையில் தங்களுக்குள் முறை போட்டுவிட்டார்கள். வாரத்துக்கு ஒருவர் அழுவது, மற்றவர்கள் தலையாட்டுவது. விடுமுறை தப்பியது.

(ஏமாற்று என்று உங்களுக்குப் படலாம். நான் மூட்டை தூக்கியவன். என் அப்பா கல் உடைத்தவர். முதலாளி சிரிக்கச் சொன்னால் சிரிப்பதும் கூலிக்குள் அடக்கம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அழச் சொல்வது மட்டும்தான் புதுசு.)

3.

"உங்கம்மா செத்துட்டதா சொல்லுங்க அண்ணி."

"அதை வண்டி ஓட்டுறவரு எடுத்துட்டாரு. உயிரோட இருக்கிற அம்மாவச் சாகடிச்சு."

"அண்ணன் குடிக்கிறாரு?"

"உங்கண்ணன் குடிச்சா நான் எதுக்கு அழணும்? குடிச்சா படுத்துக்குவாரு. குடிக்காத அன்னிக்குத்தான் அந்த மனுஷன் பேச்சைக் கேட்டுக்கிட்டு உட்காரணும்."

"சின்ன வயசுல படிக்க முடியலேன்னு..."

"அது எல்லாரும் சொல்லித் தேஞ்சு போச்சு. நீயெல்லாம் என்ன எழுத்தாளன்!"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நிஜமாவே ஒண்ணு இருக்கு தம்பி."

[இங்கே ஒரு பெருமூச்சு எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அண்ணி பெருமூச்சு விடவில்லை, மூக்கைச் சிந்தினாள்.]

உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் தவறி அதில் பட்டால் இயந்திரம் உடனே நின்றுவிடும். விரிப்பின் மடிப்பு பட்டாலும் நின்றுவிடும். நின்று நின்று ஓடினால் அன்றைய குவியல் தீராது. ஆகவே கிழிந்த விரிப்புத் துணியால் அந்தக் கம்பியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

"நேத்து ஒல்லியோட கையுறை உள்ள போயிடுச்சு. கை மட்டும் வெளிய வந்துடுச்சு. பைத்தியம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

4.

வெள்ளிக்கிழமை அண்ணி வட்டத்தில் அதைத்தான் சொன்னாள். அழாமல் சொல்ல நினைத்திருந்தாள். கையுறை என்று வாயில் வந்ததும் அழுகை முந்திக்கொண்டது.

"அவ கை போறதுக்குள்ள அந்தத் துணியை அவுத்து விடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். மடிப்பு மேசைக்காரி காதோரம் குனிந்து, "பின்னிட்டேக்கா! எங்க கத்துக்கிட்ட?" என்றாள்.

கலாச்சார மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பயத்தை எங்களை நம்பிச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு நன்றி. இந்தப் பயம் சின்ன வயசுலேர்ந்தே இருக்கா?"

"கம்பிதான், மேடம்."

"கம்பி இருக்கட்டும். நீங்க உள்ளுக்குள்ள எப்படி இருக்கீங்க?"

5.

இவளைக் கெட்டவளாக எழுத ஆசைப்பட்டேன். குதிகால் செருப்பு மாட்டிப் பார்த்தேன். வாசனை பூசிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதாள். கோளாறே அதுதான். அடிக்க வருகிறவன் கையைப் பிடிக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவளை என்ன செய்வது? கம்பி அவள் துறை இல்லையாம். உற்பத்தித் துறைக்குச் சொல்லிவிட்டாளாம். அவர்கள் *

* இந்த வாக்கியத்தை அவர்களும் முடிக்கவில்லை.

6.

திங்கட்கிழமை அண்ணியே துணியை அவிழ்த்தாள். இயந்திரம் நின்றது. ஓடியது. மறுபடி நின்றது. விரிப்பு மலையாகக் குவிந்தது. அவள் வரிசைக்கே தேநீர் இடைவேளை ரத்தாயிற்று. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் துணியை மறுபடி கட்டியது மேலாளர் அல்ல. ஒல்லி.

"என் கைதானே, நான் பாத்துக்கறேன். நீங்க மேடைக்குப் போயிட்டு வாங்கக்கா" என்றாளாம். "இங்க ஒரு வாய் டீக்கு வழியில்ல."

மேடை என்றது நிஜ மேடை. தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே அண்ணி அதே கதையை இன்னொரு முறை சொன்னாள். "கையுறை இடத்துல கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க, மனசைத் தொடும்" என்று கலாச்சார மேடம் சொல்லியனுப்பியிருந்தாள். அண்ணி நிறுத்திச் சொன்னாள். தொட்டது. இப்போது ஆலை வாசலில் அவள் படம், ஆள் உயரத்துக்கு. கீழே, 'இங்கே நான் நானாக இருக்கிறேன்.'

"அது நான்தானான்னு காவல்காரரு தினம் கேக்கறாரு" என்றாள் அண்ணி.

7.

முடிவு ஒன்று: ஒல்லியின் கை... எழுத மாட்டேன். நீங்கள் நாலாம் பகுதியிலிருந்தே அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

முடிவு இரண்டு: மேலிடம் விழித்துக்கொண்டு, தவறை உணர்ந்து... எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது முடிவு, அண்ணி கேட்டது. இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஊரே கை தட்டியாச்சு. உன் கதையிலயாவது அதை அவுத்து விடேன்."

முடியும். 'அவிழ்த்தார்கள்' என்று ஒரே சொல். எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். துணி அங்கே கட்டியபடியே இருக்கும். எழுதவில்லை. அதில் அண்ணிக்கு என்மேல் கோபம்.

கோபத்தோடு கோபமாக இன்னொன்றும் சொன்னாள். இந்த வெள்ளி ஒல்லியின் முறை. அவளுக்கு அழக் காரணம் எதுவும் இல்லையாம். உங்க கொழுந்தனைக் கேட்டு ஒண்ணு வாங்கிக் குடுங்கக்கா என்கிறாளாம்.

எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று. அதை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.