ஒரே வாளி மண்

"கையக் காட்டு. நகத்துக்குள்ள இன்னும் இருக்கு."

குழாயடியில் அம்மா மகனின் விரல்களை மறுபடியும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்துவிட்டது. பையன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அழவில்லை. மழைக்காலத்திலிருந்து அவன் பேசுவதே இல்லை.

"அந்தச் சாக்கடைக்காரன் மகளும் அதே வாளியிலதான் மண்ணு அள்ளுறாளாம். இதுக்குப் பேரு வைத்தியமாம்."

பள்ளியின் கடைசி அறை மனம் நொந்த பிள்ளைகளுக்கானது. பேசாதவர்கள், தூங்காதவர்கள், காரணமில்லாமல் அடிக்கிறவர்கள் அங்கே வந்து வரைவார்கள், மண் பிசைவார்கள். நடத்துகிற இளம்பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் களிமண் டீச்சர். மணி அடித்ததும் செய்ததையெல்லாம் கலைத்து ஒரே வாளியில் போட்டு ஈரச் சாக்கால் மூட வேண்டும். மறுநாளும் அதே மண்தான்.

சாக்கடைக்காரரின் மகளை வகுப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'கப்பு' என்று கூப்பிடுவார்கள். இந்த அறையில் மட்டும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தினமும் அவள் ஒரு குழி செய்வாள். அதற்கொரு மூடி செய்து, ஈர விரலால் விளிம்பைப் பூசி அடைத்துவிடுவாள். அவள் அப்பா அப்படியொரு குழிக்குள் இறங்கி, மேலே வராதவர். போன வாரம்தான் முதல்முறையாக அவள் மூடியைப் போடாமல் பக்கத்தில் வைத்தாள். டீச்சருக்கு அன்றிரவு சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

பேசாத பையன் செய்வது எப்போதும் ஏணி. ஏன் என்று டீச்சர் கேட்டதில்லை.

மறுநாள் வகுப்பு நடக்கும்போதே அவன் அம்மா தலைமையாசிரியையோடு வந்து நின்றாள்.

"எங்களுக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல மேடம். அவளுக்குத் தனி வாளி வைங்க. வராண்டாவுல உக்காரட்டும், நல்லா காத்தும் வரும்."

"நியாயந்தானே டீச்சர்," என்றார் தலைமையாசிரியை. "ஒரு வாளி கூட வைக்கிறதுல என்ன வந்துச்சு?"

டீச்சர் வாளியை இழுத்து வந்து அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"இதுல உங்க பையன் மண்ணு எது, அவ மண்ணு எதுன்னு நீங்களே பிரிச்சுக் குடுங்கம்மா. தனியா வச்சிடறேன்."

"எகத்தாளம் பேசாதீங்க. இவ அப்பன் எங்க தெருக் குழியிலதான் செத்தான். பொணத்தத் தூக்கிப் போட்டதை எம்புள்ள ஜன்னல்லேருந்து பாத்துட்டான். அதுலேருந்துதான் வாயடைச்சுக் கெடக்கான். கஷ்டம் எங்களுக்குந்தான்."

அறையில் எல்லாக் கைகளும் நின்றன. சிறுமி மூடியை எடுத்துக் குழியின் மேல் வைத்தாள். விளிம்பை அடைக்க விரலைத் தண்ணீரில் நனைத்தாள்.

பையன் அவள் கையைப் பிடித்தான். மூடியை நகர்த்திவிட்டுத் தன் ஏணியைக் குழிக்குள் இறக்கினான்.

"உள்ள ஆள் இருக்கு," என்றான்.

அம்மா ஓடிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். "பேசிட்டான் மேடம், பேசிட்டான். என் ராசா, இன்னொரு தடவை சொல்லு."

அவன் சொன்னான்.

"இவ அப்பாகூட வேலைக்கு வந்த மாமா ஓடி வந்து நம்மகிட்ட ஏணி கேட்டாரு. நீ குடுக்கல. அது தண்ணித் தொட்டிக்கு ஏறுற ஏணி, அவங்க காலு படக் கூடாதுன்னு சொன்ன."

தனி வாளியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. தலைமையாசிரியைக்கு வேறு வேலை நினைவுக்கு வந்தது. மணி அடித்தபோது, அந்தக் குழியை மட்டும் டீச்சர் கலைக்கச் சொல்லவில்லை.

பையன் வீட்டின் பின்சுவரில் அந்த ஏணி இன்னும் சாய்ந்து நிற்கிறது. ஒரு பொட்டுச் சேறு கிடையாது. அவ்வளவு சுத்தம்.