சுவரொட்டி வாசித்த கிளாரினெட்

கிளாரினெட்காரர் ராங்கெல் நுரையீரல் புற்றுநோயில் இறந்த நாற்பதாம் நாள், காலை பத்தே காலுக்கு, ரொட்டிக்கடைக் கதவில் ஒட்டியிருந்த அவருடைய அஞ்சலிச் சுவரொட்டி கிளாரினெட் வாசிக்கத் தொடங்கியது. அடுத்த நொடி தபால் நிலையச் சுவரில் இருந்ததும் பேருந்து நிறுத்தத்தில் இருந்ததும் சேர்ந்துகொண்டன. படத்தில் கன்னங்கள் உப்பித் தணிந்தன. வடமேற்கு பல்கேரியாவின் டிராகோவெட்ஸ் ஊரில் அன்று பிளம்ஸ் பழம் வழக்கத்தைவிடப் புளிப்பு. அதையும் ஆட்கள் கவனித்தார்கள்.

சதுக்கத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அப்போது கலாச்சாரக் குழுத் தலைவர் பர்வன் தோச்செவ் பதினொரு பக்க உரையை முடித்திருந்தார். கல்யாணங்களில் சட்டையைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறி வாசித்த மனிதரை அவர் ‘தேசத்தின் நுரையீரல்’ என்றார். ராங்கெலின் மனைவி நெவெனா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தலைவர் குரலை இன்னும் இழுத்தார். பிறகு ஒரு நிமிட மௌனம் அறிவித்தார். அந்த மௌனத்தில்தான் சுவரொட்டிகள் ஏழு தட்டுத் தாளத்தில் ஓடும் ஆட்டப் பாட்டைப் பிடித்தன. கூட்டம் கால் மாற்றத் தொடங்கியது. தலைவரின் இடது காலும்.

“கிழிங்கடா அதை!”

யாரும் கை வைக்கவில்லை. செத்தவரின் தாளை அங்கே மனிதக் கை கிழிப்பதில்லை. மழை கரைக்க வேண்டும், இல்லை காற்று பிய்க்க வேண்டும்.

“நீங்களே கிழிங்க தலைவரே,” என்றாள் ரொட்டிக்கடைக்காரி. “அடுத்த தாள் உங்க படத்தோட வந்தா என்னைக் கேக்காதீங்க.”

அக்கார்டியன்காரர் ஸ்டாமெனின் கால் மட்டும் ஆடவில்லை. முப்பத்தொரு வருடம் ராங்கெலின் இடப்பக்கம் உட்கார்ந்தவர். நண்பனுக்கு ஊத மூச்சில்லாமல் போனதை எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தவர். அடக்கத்தன்றே அக்கார்டியனை வாரால் கட்டிப் பரணில் ஏற்றி, இனித் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். அவர் இல்லாமல் இசைக்குழு இல்லை. மேளக்காரன் கோஸ்டோ கோழிப்பண்ணையில் வேலை விசாரித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் பாட்டு முழுதாக வரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அக்கார்டியன் நுழைய வேண்டிய இடத்தில் சுவரொட்டிகள் நின்று, புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தன. மூன்று நாள் இப்படி. தும்மல் பாதியில் நின்றுபோன அவஸ்தை ஊருக்கு. பாதிரியாரே ஜெபத்தை அதே இடத்தில் நிறுத்தி யாருக்கோ காத்திருந்தார். நான்காம் நாள் மேற்கே மேகம் கறுத்தது.

நெவெனா ஸ்டாமென் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

“அண்ணே, உங்களைத்தான் கூப்பிடறாரு. மழை வந்தா தாளு போயிடும்.”

“செத்தவன்கூட நான் எப்படிம்மா வாசிக்கிறது?”

“உயிரோட இருக்கறவங்ககூட மட்டும் ஒழுங்கா வாசிச்சீங்களாக்கும்?”

ஸ்டாமென் சிரித்துவிட்டார். அடக்கத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. பரணில் ஏறி அக்கார்டியனை இறக்கினார். ரொட்டிக்கடை வாசலில் நின்று, காத்திருந்த இடைவெளிக்குள் நுழைந்தார். மழை கொட்டியது, ஆடியவர்கள் யாரும் ஒதுங்கவில்லை. மற்ற தாள்கள் கரைந்தோட, கூரைக்கடியில் இருந்த ஒன்று மட்டும் ஆட்டம் முடிந்ததும் பசை விட்டு அவர் தோளில் வந்து விழுந்தது.

அதன்பின் குழு எங்கே போனாலும் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டு, அதன் முதுகில் தாளைக் குத்திவைக்கிறார்கள். சென்ற கோடையில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“பெரியவரே, அந்தத் தாளைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க. சம்பந்தி வீட்டாளுங்க கீழே விழறாங்க.”

“நானும் சொல்லிப் பாக்கறேன்மா,” என்றார் ஸ்டாமென், விரல்கள் ஓட. “உயிரோட இருந்தப்பவே கேக்காத ஜென்மம்.”