செங்கம்மாள் பிடித்த சக்கரம்

சக்கரத்தைத் தைக்கிறவள் சக்கரத்தைப் பிடிக்கக்கூடாது என்பது பூவராகவன் பட்டறையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்திருந்தால் செங்கம்மாள் அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பாள். எழுதாத சட்டத்தை எங்கே தேடிக் கிழிப்பது?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பூவராகவன் பட்டறை போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது எழுபத்தைந்தாம் வருஷம். எவர்சில்வர் குடமும் தட்டும் டம்ளரும் மங்கலாக வந்து இறங்கும். மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் அவற்றைக் காட்டி, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார்கள். காடாத் துணியை வட்ட வட்டமாக வெட்டி, நாற்பது ஐம்பது அடுக்கை ஒன்றாக வைத்துக் கோணி ஊசியால் தைத்தால் அதுதான் சக்கரம். தைப்பது செங்கம்மாள். பழவேற்காட்டில் வலை போடும் குடும்பத்துக்காரி. புருஷன் துலுக்காணம் விடியும் முன்னே படகேறிவிடுவான். இவள் பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று வேலைக்கு வந்து சேருவாள். வலையில் அறுந்த கண்ணை முடிந்து பழகிய விரல்களுக்குத் துணி தைப்பதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

பட்டறையில் நான்கு மோட்டார்கள். மூன்றில் ஆண்கள் நின்றார்கள். நான்காவது ஆறு மாதமாக ஆளில்லாமல் கோணி போர்த்திக் கிடந்தது. அந்த மோட்டாரைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி அவள் மூன்று முறை கேட்டுவிட்டாள்.

"சேலை சக்கரத்துல சுத்திக்கினா நான்தான் ஜெயிலுக்குப் போவணும்," என்றார் பூவராகவன். நல்ல மனுஷன்தான், ஆனால் தன் நிழலுக்கே இரண்டு முறை வணக்கம் சொல்லிவிட்டு நடக்கிற சுபாவம்.

மேஸ்திரி லோகநாதனுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவன் சிரித்தான். "இன்னா செங்கம்மா, தோசை சுடற வேலைன்னு நெனைச்சுக்கினியா?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை அல்ல, ஆத்திரம். எந்தச் சக்கரத்தை இறுக்கித் தைத்தால் கீறலைத் தின்னும், எதை நெகிழத் தைத்தால் பளபளப்பு ஏறும் என்பது அவளுக்கு விரல் நுனியில் தெரியும். அவள் தைத்ததைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தன் மேஸ்திரி என்று பேர் வாங்குகிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரு திங்கட்கிழமை ராஜமாணிக்கம் என்கிறவர் தம் பால் டாங்கர் லாரியைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பெயிண்ட் படாத வெறும் அலுமினிய டாங்கி. வாங்கிய புதிதில் 'வெள்ளி வண்டி' என்று பேராம். ஏழு வருஷக் கடற்காற்றும் பேட்டைப் புகையும் பட்டு இப்போது பழைய ஈயச் சொம்பு நிறத்துக்கு வந்திருந்தது. சோழவரம் பக்கம் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திறப்பு விழா. வாசலில் முதல் வண்டியாக நிற்கப்போவது இதுதான்.

"கண்ணாடியா பண்ணிக் குடுங்க. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, சாம்பல் கலர் பெயிண்டை அடிச்சிக்கினு போறேன். எனக்கு அதுல இஷ்டமில்ல. ஆனா பெரிய மனுசங்க வர்ற எடத்துல அழுக்கா போய் நிக்க முடியாது," என்றார் அவர்.

பூவராகவன் ஒத்துக்கொண்டுவிட்டார். பிறகுதான் அவருக்கு வியர்த்தது. குடத்தைச் சக்கரத்திடம் கொண்டுபோகலாம். லாரியை எப்படித் தூக்கிக் காட்டுவது?

இந்த இடத்தில் லோகநாதனைப் பாராட்டாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். பக்கத்து மனையில் புதுக் கம்பெனிக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்க ஒரு வைப்ரேட்டர் வைத்திருந்தார்கள். பெட்ரோல் இன்ஜின் ஒருபக்கம், அதிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு ரப்பர் குழாய், குழாய்க்குள் சுழலும் கம்பி. லோகநாதன் அதை இரவல் வாங்கி, குலுக்கும் முனையைக் கழற்றிவிட்டு, அங்கே ஓர் அச்சை மாட்டித் துணிச் சக்கரத்தைப் பூட்டினான். இனிமேல் சக்கரமே லாரியைத் தேடிப்போகும். கரண்ட் கட் ஆனாலும் கவலையில்லை. இன்ஜினைப் பார்த்துக்கொள்ள கான்கிரீட் மேஸ்திரி தன் ஆள் ஆதிநாராயணனையும் கூடவே அனுப்பினான். தடாப் பக்கத்து ஆள். வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு.

இரண்டு நாள் ஷெட்டுக்குள் வேலை நடந்தது. பாலிஷ் போட்டதில் டாங்கியில் ஏறிய கறுப்புப் பிசுக்கை உமி போட்டுத் துடைத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் டாங்கி பளபளத்தது. ராஜமாணிக்கத்துக்கு ஆள் போயிற்று. அவர் வந்ததும் வண்டியைத் தள்ளி வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஷெட்டின் மங்கலான வெளிச்சத்தில் தெரியாத கீறல்களெல்லாம் வெயில் பட்டதும் எழுந்துகொண்டன. டாங்கி முழுக்க மெல்லிசாக, வட்ட வட்டமாக, லட்சம் கோடுகள்.

"இன்னாப்பா இது? நூறு பூனைய ஏத்திவுட்டுப் பிராண்ட வெச்சியா?" என்றார் ராஜமாணிக்கம்.

லோகநாதனின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் குப்புற விழுந்தவன் மீசையில் மண் ஒட்டவில்லை. "மட்ட அலுமினியம் சார். நாங்க இன்னா பண்றது? மெட்ராஸ்ல எவனாச்சும் இதைச் செஞ்சுக் காட்டட்டும், நான் வேலைய வுட்டுடறேன்." தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வீசிவிட்டு ரயிலடியைப் பார்த்து நடந்தான். மற்ற இரண்டு பேரும் மேஸ்திரி கைவிட்டதை நாங்கள் தொடுவதா என்று எவர்சில்வர் பக்கம் நழுவிக்கொண்டார்கள்.

செங்கம்மாள் கோணி ஊசியைத் துணியில் செருகிவிட்டு எழுந்து வந்தாள். டாங்கியை நகத்தால் வருடினாள். கீழே கிடந்த உமியில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"அலுமினியம் மேல குத்தமில்ல மொதலாளி. உமிதான்."

"எவர்சில்வருக்கு மூணு வருஷமா உமிதானே போட்டுக்கினு இருக்கோம்?"

"எவர்சில்வர் கெட்டி, தாங்கும். இது மெத்து. எங்க ஊட்ல மீன் வாரிக்கினு போற அலுமினிய அன்னக்கூடையை மண்ணு போட்டுத் தேச்சா இப்படித்தான் கோடு கோடா வுழும். மேஸ்திரி பளபளப்பு ஏத்துனாரு, உமி அதைக் கீறிடுச்சு. நான் எடுத்துக் காட்டறேன்."

பூவராகவன் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். "சரி, செய்யேன்," என்றார்.

"செய்யறேன். வெயில்ல கோடு தெரியலன்னா நாலாவது மோட்டாரு எனக்கு. அதை இப்பவே சொல்லிடுங்க, சாரு சாட்சி."

"மொதல்ல வண்டிய..."

"வார்த்தை மொதல்ல வரட்டும் மொதலாளி."

ராஜமாணிக்கத்துக்கு இந்தப் பேரம் பிடித்துவிட்டது. "குடுங்க சார், எனக்கா நஷ்டம்?" என்று சிரித்தார். பூவராகவன் சரி என்று தலையாட்டினார். கோடு தெரிந்தால் பழையபடி கோணி ஊசி, தெரியாவிட்டால் நான்காவது மோட்டார்.  தோற்றால் செங்கம்மாள் ஊசிக்குத் திரும்புவதோடு போகாது, பட்டறை இருக்கும் வரை லோகநாதன் சிரித்துக்கொண்டே இருப்பான்.

வாட்ச்மேனின் காக்கிச் சட்டையை வாங்கி மேலே மாட்டிக்கொண்டாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றி, சேற்றில் இறங்கி வலை இழுக்கிறவர்கள் கட்டுகிறபடி இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கூந்தலைத் துணிக்குள் அடக்கினாள்.

"ஸ்டார்ட் பண்ணு நைனா," என்றாள். தன் பாஷையில் 'நைனா' என்று கூப்பிட்டதும் ஆதிநாராயணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

குழாய் ஒரு துள்ளுத் துள்ளி அவளைப் பக்கவாட்டில் இழுத்தது. பாதங்களை அகட்டி ஊன்றினாள். முதலில் இறுக்கித் தைத்த சக்கரம். லோகநாதன் மாவாட்டுகிற மாதிரி வட்டமாகத் தேய்த்தான். இவள் டாங்கியின் நீளவாக்கில் ஒரே திசையில், ஒரு வரி முடிந்து அதற்குக் கீழே அடுத்த வரி என்று போனாள். எங்கும் நிற்கவில்லை, நின்ற இடம் சூடேறிக் கறுத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் ஒரு பக்கத்துக் கோடுகள் போய்விட்டன.

வியாழக்கிழமை காலையில் அடுத்த பக்கமும் முடிந்தது. இனி நெகிழ்ந்த சக்கரம் வேண்டும். புதுக் காடா முரடு. பல தடவை துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன துணிதான் சரிப்படும்.

"மொதலாளி, பழைய வேட்டி ஏதாச்சும் கீதா?"

பட்டறைக்குப் பின்னால் கொடியில் ஒரு வேட்டி காய்ந்தது. திறப்பு விழாவுக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்று பூவராகவன் வெளுத்துப் போட்டிருந்த எட்டு முழ மல் வேட்டி. அவர் வேறு திசையில் பார்த்தபடி, "அதோ," என்று கையைக் காட்டினார். செங்கம்மாள் இரக்கமே இல்லாமல் கத்தரிக்கோலைப் போட்டாள். ஒன்றே ஒன்று தையல், மத்தியில் மட்டும். சுழன்றபோது சக்கரம் புசுபுசுவென்று விரிந்தது.

பிசுக்கைத் துடைக்க உமிக்குப் பதில் மைதா. டம்ளர் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டப் பசை காய்ச்ச வைத்திருந்த மூட்டை. மாவைத் தூவி மெத்தென்ற துணியால் துடைத்தால் கறுப்பெல்லாம் மாவோடு உருண்டு வந்துவிட்டது.

"ரேஷன்ல மாவு கெடைக்காம ஊரே பேஜாராகீது, இங்க லாரிக்குப் பூரி சுடறாங்க," என்று வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்று மணி வாக்கில், டாங்கியின் வளைவில் திரும்பும்போது சக்கரம் காக்கிச் சட்டையின் கையைக் கவ்வியது. ஆதிநாராயணன் பாய்ந்து இன்ஜினை அணைப்பதற்குள் தோள் வரை சட்டை கிழிந்து போயிற்று. பூவராகவன் ஓடிவந்தார்.

"போதும் செங்கம்மா! இதுக்குத்தான் நான் அப்பவே..."

"சேலையா மாட்டுச்சு? ஆம்பளைச் சட்டைதானே மாட்டுச்சு!" என்றாள் அவள். இன்னொரு கையையும் தானே கிழித்து எறிந்தாள். "போடு நைனா."  அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கடைசி வரி முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை வெளியே தள்ளினார்கள். செங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பயந்தாள் என்று சொல்வதில் என்ன வெட்கம்? பயந்தாள்.  கண்ணைத் திறந்தவள் உடனே கையால் மறைத்துக்கொண்டாள். பார்க்க முடியவில்லை. அத்தனை ஒளி! டாங்கியில் வானம் இருந்தது, பேட்டைப் புகைபோக்கி இருந்தது, முகமெல்லாம் கறுப்புப் பூசிக்கொண்டு ஒருத்தி நின்றாள். அவள் சிரித்ததும் இவளுக்குத் தான்தான் என்று தெரிந்தது. ஒரு கோடு இல்லை.

ராஜமாணிக்கம் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து டாங்கியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். "எம் பொண்டாட்டி வாங்குன கண்ணாடில கூட நான் இவ்ளோ அழகா இல்லம்மா!" என்றார். ஆதிநாராயணன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். பூவராகவன் லுங்கியோடு நின்றுகொண்டு, வேட்டி போன துக்கத்தை மறந்து கைதட்டினார்.

அப்போது லோகநாதன் வந்தான். தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப் போக வந்ததாகச் சொன்னான். யாரும் நம்பவில்லை. அவன் டாங்கியைச் சுற்றி நடந்தான். குனிந்து பார்த்தான், சாய்ந்து பார்த்தான், அடிவயிற்றில்கூடத் தலையை நுழைத்துப் பார்த்தான். ஒரு கீறலாவது கிடைத்துவிடாதா என்று அவன் தேடுவது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது சுற்று வந்தான். மூன்றாவது சுற்று பாதியில் நின்றுவிட்டான்.

சாலையில் போய்க்கொண்டிருந்த இன்னொரு டாங்கர் பிரேக் போட்டு நின்றது. நெல்லூர்ப் பக்கமிருந்து மெட்ராஸ் போகிற வண்டி. டிரைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

"நைனா, யாருய்யா இதுக்குப் பாலிஷ் போட்டது? எங்க மொதலாளி ரெண்டு வண்டி வெச்சிகினு பெயிண்டா பாலிஷான்னு திண்டாடறாரு. மேஸ்திரி யாரு?"

மூன்று வருஷப் பழக்கத்தில் பூவராகவனின் விரல் லோகநாதன் பக்கம் எழுந்தது. லோகநாதன் அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். அந்த வார்த்தை வெளியே வருவதற்கு அவனுக்கு எத்தனை வலித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

"அந்தம்மாதான் மேஸ்திரி," என்றான்.

 செங்கம்மாள் உள்ளே போய், ஆறு மாதமாக நான்காவது மோட்டாரைப் போர்த்தியிருந்த கோணியை இழுத்துத் தரையில் போட்டாள். திரும்பி வந்து டிரைவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்கு முடியாது. என் மோட்டார ஓட்டிப் பாக்கணும். நாளைக்குக் காலைல வண்டிய எடுத்துக்கினு வா," என்றாள்.