முட்டுக் கொடுத்த வீடு

அந்த ஊரில், வேலையெல்லாம் பெண்கள் தலையிலேயே விழுந்த வீடுகளில், தரை சமையலறைப் பக்கம் சாய்ந்தது. பால் விலை ஏறிய வருடம் அது தொடங்கியது. இரண்டையும் பற்றி ஊரார் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். நகராட்சி மட்டும் சும்மா இருக்கவில்லை. சாய்வு குறைகிறதா என்று வருடா வருடம் அளக்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கையில் கொடுத்து ஓர் அம்மாளை நியமித்தது. அவர் தரையில் மட்டத்தை வைப்பார், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். மட்டக்காரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஊர் லேசுப்பட்டதா? அவர் வரும் நாள் தெரிந்தால் அன்று காலை ஆண்கள் விழுந்து விழுந்து பாத்திரம் தேய்த்தார்கள். தரை மதியம்வரை சமமாக நின்று, அவர் தலை மறைந்ததும் பழையபடி இறங்கியது. அதனால் அவர் சொல்லாமல் கொள்ளாமல் போக ஆரம்பித்தார். ஆனால் சொந்த வீட்டுக்கு மட்டும் ஒரு சலுகை. அலுத்துக் களைத்து வந்து, குனியச் சோம்பல்பட்டு, மட்டத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தே பார்த்துவிடுவார். குமிழி ஆணி அடித்தாற்போல் நடுவில் நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? கணவர் தச்சர், கெட்ட மனிதரில்லை. தரை சாயச் சாய, மேஜை, கட்டில், நாற்காலி என்று ஒன்றுவிடாமல் காலுக்குக் கீழே மரத்துண்டு செதுக்கி முட்டுக் கொடுத்துவந்தார், அத்தனை நேர்த்தியாக.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. "நீ போயிட்டா அம்மாவுக்கு யாரு ஒத்தாசை?" என்றார் தச்சர், உண்மையான கவலையோடு. மகள் சக்கரம் வைத்த பெட்டியில் துணிமணிகளை அடுக்கி வாசலருகே நிறுத்தினாள். அது மெல்ல உருண்டு அடுப்படிக்குப் போய் நின்றது. மறுபடி கொண்டுவந்து நிறுத்தினாள், மறுபடி போனது. அவள் கண் கலங்கிவிட்டது. "விடும்மா, பெட்டிக்கே போக மனசில்ல" என்றாள் அம்மாவிடம்.

அன்றுதான் மட்டக்காரம்மா தன் வீட்டுத் தரையில் குனிந்தார். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஊரில் எந்த வீட்டிலும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. முட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். மேஜை போனது, கட்டில் போனது, கடைசியில் நாற்காலியில் இருந்த தச்சரும் செய்தித்தாளோடு வழுக்கிக்கொண்டு போய்த் தொட்டியருகே நின்றார்.

"எப்ப இவ்வளவு சாஞ்சுது?" என்றார் திகைத்துப்போய்.

"நீங்க முட்டுக் கொடுத்தீங்க, எனக்குத் தெரியாமப் போச்சு. வந்தது வந்துட்டீங்க, அந்தப் பாத்திரத்தைக் கழுவிடுங்க."

கழுவினார். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த மேட்டில் ஏறி, தெருவில் இறக்கினார்கள்.

தச்சருக்கு வேலை பழகப் பழகத் தரை நகக்கண் அளவாக உயர்ந்தது. மேஜை கூடத்துக்குத் திரும்ப வருடங்கள் ஆயின. அதுவரை சமையலறையிலேயே சாப்பிட்டார்கள். ஒரு விடுமுறையில் மகள் வந்து பெட்டியை வாசலருகே நிறுத்தினாள். அது லேசாக அசைந்து, கொஞ்சம் யோசித்து, நின்றது. அம்மா குனிந்து தரையில் மட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். தச்சர் எழுந்து சமையலறைக்குப் போனார்.