உச்சிக் கொத்து

அந்தத் திராட்சைக் கொடிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். வேர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஹெர்மினியாவின் மண்ணில். தொடைப் பருமனில் வளைந்து, வாய்க்காலைத் தாண்டி அது ஏறிப் படர்ந்த மோயே மரமோ அந்தப் பக்கம், கசியானோவின் மண்ணில். கமார்கோ ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இப்படி நடப்பதுண்டு. மழை எட்டிப் பார்க்காத அந்தச் சிவப்புப் பாறை மேட்டில் பந்தலும் கம்பியும் நேற்று வந்தவை. திராட்சை என்றால் மரத்தில்தான் ஏறும். வேர் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது என்றால் பழம் ஆளுக்குப் பாதி. ஒருவர் இல்லாமல் மற்றவர் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் ஊர் சும்மா விடாது.

இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம் என்று ஹெர்மினியா நினைப்பாள். யாரும் வாய் திறக்க முடியாதபடி கசியானோவோடு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கழிக்க அவளுக்கு வேறு வழி ஏது?

கசியானோ மீசை அரும்பிய வயதில் அர்ஜென்டினாவுக்குக் கரும்பு வெட்டப் போனான். அடுத்த அறுவடைக்குள் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். வந்தபோது கூடவே ஒரு மனைவி வந்தாள், அவள் முதுகில் கட்டிய துணியில் ஒரு பெண் குழந்தை வந்தது, அவனுக்கு ஒடிந்து கூடின ஒரு முழங்கால் வந்தது. அதற்குள் ஹெர்மினியாவையும் ஒரு லாரிக்காரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அந்த மனைவியும் இல்லை, லாரிக்காரனும் இல்லை. நடுவில் இருப்பது அந்த வாய்க்கால் மட்டும்தான். அதை ஆட்டுக்குட்டி தாண்டிவிடும். அவனே வந்து கேட்கட்டும் என்று இவள் இருந்தாள். அவன் என்ன நினைத்துக்கொண்டு இருந்தான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். இரண்டு பேர் வாயிலும் கொழுக்கட்டை.

முழங்கால் அப்படி இருப்பதால் மரம் ஏறுவது ஹெர்மினியா. பாவாடைக்கு அடியில் செத்துப்போன புருஷனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கன்னத்தில் கோகா இலையை அதக்கிக்கொண்டு ஏறுவாள். கொத்துகளை வெட்டிக் கூடையில் போட்டுக் கயிற்றில் இறக்குவாள். கீழே அவன் வாங்கி இரண்டாகப் பிரிப்பான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் உச்சியில் ஓரிரு கொத்துகளை வேண்டுமென்றே விட்டுவிடுவாள். சில நாள் கழித்து அவன் வாய்க்கால் ஓரம் வந்து குரல் கொடுப்பான்: "ஹெர்மினியா! உனக்குக் கண்ணு போயிடுச்சு. உச்சியில கொத்து தொங்குது பாரு."

"அடடா, தெரியவே இல்லையே!" என்று அவளும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லுவாள். அப்படி அவளுக்கு இன்னொரு காலை கிடைத்துவிடும். அன்று அவன் போன வருஷத்து ஒயினைக் கொண்டு வருவான். முதல் வாயை நிலத்தாய்க்கென்று மண்ணில் ஊற்றுவார்கள்; மிச்சத்தை ஒரே குவளையில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். "காடிதான், போ. கீரையில ஊத்தலாம்" என்பாள் அவள். வருஷம் முழுக்க அந்தப் புளிப்பு அவள் நாக்கிலேயே இருக்கும்.

இந்த வருஷம் அவள் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தபோது, நாளைக்குக் காற்றடிக்கும் என்பது போல அவன் சொன்னான்: "சனிக்கிழமை சுல்மா வர்றா. தரிஹாவுக்குக் கூட்டிட்டுப் போறா."

சுல்மா அவன் மகள், தரிஹா பட்டணத்தில் இருப்பவள். "எத்தனை நாளைக்கு?" என்றாள் ஹெர்மினியா.

"அங்கேயே இருக்கணுமாம். இந்தக் காலை வச்சுக்கிட்டுத் தனியா கிடந்து என்ன பண்ணப் போறேன்னு கேக்குறா."

"போயேன். நான் என்ன உன்னைக் கயிறு போட்டா கட்டி வச்சிருக்கேன்?"

சொல்லிவிட்டு ஏறினாள். அவளுக்கு அவன் வேண்டும். பொழுது விடிந்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன் இருமுகிற சத்தம் வேண்டும். அவ்வளவுதான் விஷயம், அதைச் சொல்லத்தான் நாக்கு வரவில்லை. வராத நாக்குக்குப் பதில் கத்தி வேலை செய்தது. பழுத்தது, பழுக்காதது, குருவி கொத்தினது என்று ஒன்றையும் பார்க்காமல் வெட்டித் தள்ளினாள். மோயே இலை கசங்கி மிளகு நெடி கண்ணில் ஏறியது. கண்ணீர் வந்தால் அதன் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

"மெதுவா, மெதுவா! அது இன்னும் காய்" என்றான் கசியானோ கீழிருந்து.

"காயா இருந்தா உன் ஒயினுக்கு இன்னும் நல்லது."

"உச்சியில இருக்கிறதை விட்டுடேன். குருவி தின்னுட்டுப் போகட்டும்."

"குருவி உனக்கு மாமனா மச்சானா? புதுசா கரிசனம் பொங்குது!"

"ஏய், கிளை மெலிசா இருக்கு. விட்டுடுன்னு சொல்றேன்ல?"

அவள் விடவில்லை. உச்சிக் கிளையை வளைத்து, கடைசிக் கொத்தையும் வெட்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

கசியானோ தொப்பியைக் கழற்றிவிட்டு மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஒண்ணுகூட விடலியா?"

"உன் பங்கு குறையக் கூடாதுல்ல? மகளுக்குக் கொண்டு போய்க் கொடு."

"வருஷா வருஷம் விடுவியே, ஹெர்மினியா."

ஏணியைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. "தெரியுமா உனக்கு?"

"கீழ நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். பறிக்கிற அன்னைக்கே பார்த்துடுவேன். உடனே சொன்னா நீ உடனே பறிச்சுட மாட்டே? அதான் நாலு நாள் பொறுத்துட்டு வருவேன்." அவன் தொப்பியை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான். "சுல்மாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். உச்சியில மிச்சம் இருக்கும், நான் வராம ஹெர்மினியா தொடக் கூடாது, ஊர் வழக்கம், அதனால திரும்பி வந்தே ஆகணும்னு. 'சரிப்பா'ன்னு சொன்னா. இப்போ நான் என்னத்தைச் சொல்லிட்டு வர்றது?"

"வரணும்னா வர வேண்டியதுதானே! சாக்கு எதுக்கு?"

"உனக்கு மட்டும் சாக்கு வேண்டாமலா இருந்துச்சு?"

எத்தனை வருஷம் வீணாயிற்று என்று அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

கசியானோ காலை நீட்டிக் குனிந்து, தன் பங்குக் கூடையிலிருந்து இருப்பதிலேயே பெரிய கொத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வெட்டினதைத் திரும்ப மரத்துல கட்டச் சொல்றியா? பார்க்கிறவங்க வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் ஏணியில் கால் வைத்தாள். கொடி கட்டுகிற நாரை இடுப்பிலிருந்து உருவி, உச்சிக் கிளையில் கொத்தை இறுக்கிக் கட்டினாள்.

"அழுகிடாதுல்ல?" என்றான் அவன்.

"இந்தக் காத்துல எது அழுகும்? காயும். காஞ்சாலும் திராட்சை திராட்சைதான்."

சனிக்கிழமை சுல்மா வண்டியோடு வந்தாள். மூட்டைகளை ஏற்றினாள், அப்பாவையும் கைத்தாங்கலாக ஏற்றினாள். புறப்படும்போது கசியானோ ஹெர்மினியாவைப் பார்க்கவில்லை. மரத்து உச்சியைப் பார்த்தான். அவளுக்கு அது போதவில்லை. ஆனாலும் புழுதி அடங்கும்வரை நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கொத்து சுருங்கிக் கறுத்தது. மலையிலிருந்து கிளிக்கூட்டம் இறங்கிய நாளிலிருந்து ஹெர்மினியா விடியும்போதே கவணும் கூழாங்கல்லுமாக மரத்தடிக்குப் போய்விடுவாள். கல் பறக்கிற சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும்.

நாத்தனார் பெனிட்டா ஒரு நாள் வாய்க்கால் மேட்டில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏன் அண்ணி, சொந்தத் தோட்டத்துப் பழத்தையெல்லாம் கிளி தின்னுது, நீங்க இந்த ஒத்தைக் கொத்துக்குக் காவல் நிக்கிறீங்க. அவ்வளவு ஆசைன்னா பறிச்சு வாயில போட்டுக்கிறதுதானே?"

ஹெர்மினியா அடுத்த கல்லைக் கவணில் வைத்தாள்.

"நான் மட்டும் எப்படித் தொடறது? பாதி கசியானோவோடது."